காட்டில் கூடாரம் போட இடமுண்டா?

ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கத்தில் ஒரு வகைப் பயணம் ரொம்பப் பிரபலம். ஓவர்லேண்டிங் என்று சொல்வார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் மாதிரி ஒரு வண்டி, அதன் கூரை மேல் மடித்து வைத்த ஒரு கூடாரம். பின்னால் தண்ணீர் டாங்க், சின்ன ஃபிரிட்ஜ், அடுப்பு, இரண்டு ஸ்டெப்னி, டீசல் கேன். ஜோகன்னஸ்பர்க்கிலோ விண்ட்ஹுக்கிலோ வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று வாரக்கணக்கில் சுற்றுவார்கள். ராத்திரி எங்கே இருட்டுகிறதோ அங்கே தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் முன்பதிவு உண்டு, கட்டணம் உண்டு, கட்டுப்பாடும் உண்டு.

போட்ஸ்வானாவில் சோபே தேசியப் பூங்கா, மொரேமி சரணாலயம் போன்ற இடங்களில் இருக்கும் முகாம்களுக்கு வேலியே கிடையாது. யானை கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்று மரத்தை உலுக்கும். கழுதைப்புலி வந்து அடுப்பங்கரையை மோந்து பார்க்கும். அதனால் விதிகள் கடுமை. சூரியன் மறைந்த பிறகு பூங்காவுக்குள் வண்டி ஓட்டக் கூடாது. சாப்பாட்டுப் பொருளை வெளியே வைக்கக் கூடாது. இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டு நடக்கக் கூடாது. ஜிம்பாப்வேயில் மானா பூல்ஸ் என்ற இடத்துக்கு ஆரஞ்சுப்பழம் கொண்டு போகவே தடை. அந்த வாசனைக்கு யானை வண்டியையே திறந்துவிடுமாம்! போதாக்குறைக்கு வழியில் கால்நடை நோய்த் தடுப்பு வேலிகள் வேறு. பச்சை இறைச்சி வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், செருப்பைக் கழற்றி மருந்துத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள்.

இதையெல்லாம் வீடியோவில் பார்த்துப் பார்த்து, புதுச்சேரி சாரத்தைச் சேர்ந்த நான்கு பி.காம் மாணவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஆப்பிரிக்கா போகக் காசு ஏது? வண்டி வாடகை மட்டுமே ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல். "நம்ம பக்கத்துல காடே இல்லையா மச்சி?" என்று ஒருவன் கேட்டான். அங்கிருந்து ஆரம்பித்தது.

புதுச்சேரியில் பறவை பார்க்க வேண்டுமென்றால் ஊசுட்டேரி இருக்கிறது. 2008-லேயே அதைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் யானை பார்க்க மேற்கே மலை வரைக்கும் போக வேண்டும். சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை என்று மூன்று புலிகள் காப்பகங்கள் தொட்டாற்போல் இருக்கின்றன. 2024 அக்டோபரில் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை, விஜயதசமி சனிக்கிழமை. ஞாயிறும் சேர்ந்தால் மூன்று நாள் லீவு. ஒருவனுடைய அப்பா காரைத் தர ஒப்புக்கொண்டார். தலைக்கு 4,000 ரூபாய், மொத்தம் 16,000. நால்வரில் கணக்கில் கெட்டிக்காரன் ஒரு நோட்டுப் போட்டு வரவு செலவு எழுத ஆரம்பித்தான். முதல் செலவு, நான்கு பேர் படுக்கும் கூடாரம், ரூ.2,800.

கூடாரம் வந்த பிறகுதான் அதை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது!

விசாரித்தால், காட்டுக்குள் எங்கேயும் போட முடியாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நெருப்பு மூட்டினால் அதுவும் குற்றம். இதற்கு மேல் ஒரு வீட்டில் அம்மா குறுக்கே நின்றார். தேனி மாவட்டம் குரங்கணி அவருக்கு மறக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போன இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அந்த வருடமே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனியாக விதிமுறை கொண்டுவந்தது. "அவங்களும் லீவுக்குத்தான் போனாங்க" என்று அந்த அம்மா சொன்ன ஒரு வரிக்கு யாரிடமும் பதில் இல்லை.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஒருவனுடைய தாய்மாமன் முன்பு சத்தியமங்கலத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். அப்போது பழகிய விவசாயி ஒருவர் தாளவாடிப் பக்கம் இருக்கிறார். பட்டா நிலம், வீட்டு வாசல். அங்கே கூடாரம் போட யார் அனுமதியும் வேண்டாம். மாமா போன் போட்டுச் சொன்னதும் அம்மாவும் இறங்கி வந்தார். இரண்டாவது ராத்திரிக்கு மசினகுடியில் ஏதாவது ரூம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்த 'பார்த்துக்கொள்ளலாம்' பின்னால் என்ன செய்தது என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் காமராஜர் சாலையிலிருந்து புறப்பாடு. முந்தின நாளே புதுவையில் டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டாயிற்று. தமிழ்நாட்டை விட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு அல்லவா! ஆனால் பி.ஒய். நம்பர் வண்டிக்கு வேறு ஒரு வரி உண்டு. சோதனைச்சாவடியில் நிறுத்தி டிக்கியைத் திறந்து பாட்டில் தேடுவார்கள். இவர்கள் வண்டியில் இருந்தது புளிசாதமும் கூடாரமும்தான். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், பவானி, சத்தியமங்கலம். மதியம் தாண்டி பண்ணாரி அம்மன் கோயில். அங்கிருந்து திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்தப் பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் கணக்கு நீதிமன்றம் வரை போனதால் வந்தது. பந்திப்பூர் சாலைகளில் இந்த மாதிரித் தடை 2009-லேயே வந்துவிட்டது. ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை காடு காட்டுக்கே. போட்ஸ்வானாவில் இருட்டிய பிறகு ஓட்டாதே என்கிற அதே விதிதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அது சுற்றுலா வண்டிக்கு, இங்கே அது தேசிய நெடுஞ்சாலைக்கு. இந்தத் தடையால் தாளவாடிக் காய்கறி லாரிக்காரர்கள் பட்ட அவதியும் சின்னதல்ல. அவர்கள் கடையடைப்பு, மறியல் எல்லாம் செய்து பார்த்தார்கள்.

ஆசனூர் தாண்டிக் காரப்பள்ளம் சோதனைச்சாவடி. கர்நாடகத்திலிருந்து வரும் கரும்பு லாரிகள் அதிகப் பாரத்தை இங்கே கழித்துக் கீழே போட்டுப் போட்டு, யானைகள் அந்த இடத்தைத் தெரிந்துகொண்டுவிட்டன. லாரியை வழிமறித்துக் கரும்பை உருவித் தின்னும் யானைகளைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் போனபோது ஒரு தாயும் குட்டியும் சாலையோரம் நின்றன. நான்கு பேரும் மூச்சு விடவில்லை. படம் எடுக்கக்கூட யாருக்கும் கை எழவில்லை.

தாளவாடியில் அந்த விவசாயி, "வாங்க தம்பி, வழி எல்லாம் சரியா இருந்துச்சுங்களா?" என்று வரவேற்றார். ராகிக் களி, கொள்ளுக் குழம்பு. வாசலில் கூடாரம் எழும்பியது. சுற்றுவட்டாரத்துக் குழந்தைகள் எல்லாம் வந்து உள்ளே புகுந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டு மணிக்கு அவர் ஒரு டார்ச், ஒரு கம்பளி, கொஞ்சம் பட்டாசு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கய்யா போறீங்க?"

"காவலுக்குத் தம்பி. ராகி கதிர் வெச்சிருச்சு. இனி அறுக்கற வரைக்கும் பரண்லதான் தூக்கம்."

நிலத்தின் ஓரத்தில் மரத்து மேல் கட்டிய பரண். நான்கு மூங்கில், மேலே கிழிந்த தார்ப்பாய். ஒரு பக்கம் சோலார் வேலி இருக்கிறது. ஆனால் யானை காய்ந்த மரத்தைத் தள்ளி அதன் மேல் போட்டுக் கம்பியை அறுத்துவிடும் என்றார். இரண்டு பையன்கள் அவரோடு பரணில் ஏறினார்கள். நடுராத்திரி காட்டுப் பக்கமிருந்து கிளை முறியும் சத்தம். அக்கம்பக்கத்துப் பரண்களில் ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சம் எரிந்தது. தகரம் தட்டினார்கள், கூச்சல் போட்டார்கள். அரைமணி நேரம் கழித்து அமைதி. இந்த வட்டாரத்தில் கருப்பன் என்று பெயர் வைக்கப்பட்ட ஒற்றை யானையைப் பல மாதம் போராடி 2023 ஏப்ரலில்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதனால் இறந்த விவசாயிகளும் இப்படிக் காவலுக்குப் படுத்தவர்கள்தான் என்றார் அவர்.

காலையில் காபி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க காசு கொடுத்து வந்து வெளியில படுக்கறீங்க. நாங்க காசு போயிரக் கூடாதுன்னு வெளியில படுக்கறோம்." கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை வண்டி சாம்ராஜ்நகர் தாண்டும் வரைக்கும் நால்வரையும் பேசவிடவில்லை.

சனிக்கிழமை குண்டல்பேட்டை, பந்திப்பூர், கக்கநல்லா, தெப்பக்காடு. தெப்பக்காட்டு யானை முகாம் ரொம்பப் பழையது. மரம் இழுக்கப் பழக்கிய யானைகள் இப்போது கும்கிகளாக வேலை செய்கின்றன. 2023-இல் ஆஸ்கார் வாங்கிய ஆவணப்படத்தில் வரும் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்தது இங்கேதான். யானைகளுக்கு ராகி உருண்டை ஊட்டுவதைப் பார்த்துவிட்டு மசினகுடி வந்தபோது மணி மூன்று.

மசினகுடியில் ஒரு ரூம் கூட இல்லை. பூஜை லீவு! ஐந்தாறு இடத்தில் கேட்டாயிற்று. அப்போது ஜீப் சவாரிக்கு ஆள் பிடிக்கும் ஒருவர் வந்தார். "ரூம் எதுக்குத் தம்பி? கூடாரந்தான் வெச்சிருக்கீங்களே. ஆத்தோரமா ஒரு இடம் இருக்கு. தலைக்கு முந்நூறு. கேம்ப் ஃபயர் போட்டுத் தரேன். ராத்திரி யானை தண்ணி குடிக்க வரும், பக்கத்துலயே பாக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

போட்ஸ்வானா வீடியோவில் பார்த்தது அப்படியே 1,200 ரூபாய்க்குக் கையில் வந்து நிற்கிறது. இரண்டு பேர் போகலாம் என்றார்கள். கணக்கு எழுதுபவனும் அந்தப் பக்கம். பட்ஜெட்டுக்குள் அடங்குகிறதே! மற்ற இருவரும், அதாவது பரணில் படுத்தவர்கள், வேண்டாம் என்றார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சண்டை. "பயந்தாங்கொள்ளி" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காலி டம்ளரை எடுக்க வந்தவர், "தம்பிங்களா, அந்த ஆத்தோரம் யானைங்க நடக்கற பாதை. நீங்க ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயிருவீங்க. அது கோவத்தோட இங்கேயே இருக்கும். மறுநா விறகுக்குப் போறது நாங்கதான்" என்றார். அவ்வளவுதான். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. 2021 ஜனவரியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பாருங்கள். மசினகுடி அருகே ஒரு தனியார் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்த ஆண் யானையின் மேல் எரியும் பொருளை வீசினார்கள். காது கருகிப் புண்ணாகி, ஜனவரி 19 அன்று முகாமுக்குக் கொண்டு போகும் வழியில் அது இறந்தது. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. நான்கே நாள் கழித்து, ஜனவரி 23 அன்று, அடுத்த மாவட்டமான வயநாட்டில் மேப்பாடி அருகே, கூடாரத்தில் தங்கப் பணம் கொடுத்து வந்த ஒரு இளம் ஆசிரியை யானை தாக்கி இறந்தார். ஒரே வாரத்தில், ஒரே மலைத்தொடரில், ஒரு யானையும் ஒரு மனுஷியும். யானை நடக்கும் இடத்தில் படுக்கையை விற்றதுதான் இரண்டுக்கும் காரணம். இதற்குச் சில மாதம் முன்பு, 2020 அக்டோபரில்தான், நீலகிரி யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு எதிரான உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது.

மணி நாலரை. காரில் உட்கார்ந்திருந்தவன் போனில் இந்த ஜனவரிச் செய்தியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தான். கணக்கு எழுதுபவன் படித்தான். நோட்டை மூடினான். "ஊட்டிக்குப் போயிரலாம்" என்றான். நீலகிரிக்கு வாங்கி வைத்திருந்த இ-பாஸ் கைவசம் இருந்தது. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளையும் முதல் கியரில் ஏறி, இருட்டுவதற்குள் ஊட்டி. பூஜை சீசனில் கிடைத்த ஒரே ரூமின் வாடகை ரூ.5,000. சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்!

சரி, போட்ஸ்வானாவில் முடிவது ஏன் இங்கே முடியவில்லை? நம் ஆட்களுக்கு ஒழுங்கு போதாது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். போட்ஸ்வானாவின் பரப்பு ஏறத்தாழ 5,82,000 சதுர கிலோமீட்டர். 2022 கணக்குப்படி மக்கள் சுமார் 23.6 லட்சம், யானைகள் சுமார் 1.3 லட்சம். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். மக்கள் 2011 கணக்குப்படி 7.2 கோடி. யானைகள் 2024 கணக்கெடுப்பில் 3,063. அங்கே ஒரு யானைக்கு 18 மனிதர்கள். இங்கே ஒரு யானைக்கு 23,000-க்கும் மேல். அங்குள்ள மத்திய கலஹாரி காப்பகம் மட்டும் 52,800 சதுர கிலோமீட்டர். முதுமலைப் புலிகள் காப்பகம் 688. ஒரு கூடாரம் அங்கே பெரிய மைதானத்தில் வைத்த நாற்காலி. இங்கே அது நடைபாதையில் வைத்த நாற்காலி.

அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் எண்ண வேண்டாம். மத்திய கலஹாரியில் காலங்காலமாக வாழ்ந்த சான் மக்களை 1997-இலும் 2002-இலும் அரசு வெளியேற்றியது. அவர்கள் வழக்குப் போட்டு, 2006 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வெளியேற்றியது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. அதே டிசம்பரில்தான் இங்கே நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. போட்ஸ்வானா விவசாயியும் யானையால் பயிர் இழப்பவன்தான். 2014-இல் கொண்டுவந்த வேட்டைத் தடையை அந்த அரசு 2019-இல் எடுத்ததற்கு அவன் குறையும் ஒரு காரணம். கூடாரத்தின் படத்துக்கு வெளியே இப்படி ஒரு பரண் எல்லா நாட்டிலும் இருக்கும்போல.

காட்டைப் பார்க்க ஆசைப்படுவது தப்பில்லை. அதற்கு நேர் வழி இருக்கிறது. முதுமலையில் வனத்துறையே வண்டியில் கூட்டிப் போகிறது, தெப்பக்காட்டில் தங்க விடுதி வைத்திருக்கிறது. முன்கூட்டியே பதிய வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் போய் வந்த இரண்டு வாரத்தில், 2024 அக்டோபர் இறுதியில், தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணையப் பதிவைத் தொடங்கியது. காட்டோரத்து மக்களே அங்கே வழிகாட்டிகள். கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போகிறது. காடு என்பது இருக்கும்வரைதான் அவர்களுக்கு வேலை என்றால், அதைக் காப்பாற்ற வேறு யாரும் வர வேண்டியதில்லை.

ஞாயிறு ராத்திரி நால்வரும் சாரம் வந்து சேர்ந்தார்கள். ஏறத்தாழ 960 கிலோமீட்டர். நோட்டில் கணக்கு இப்படி முடிந்தது: பெட்ரோல் 5,900, கூடாரம் 2,800, ரூம் 5,000, சாப்பாடு 3,000, சுங்கம் மற்றும் இதர செலவு 700. மொத்தம் 17,400. பட்ஜெட்டை விட 1,400 அதிகம். மசினகுடியில் 1,200 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டிருந்தால் கணக்கில் 2,400 மிச்சம். இதைக் கணக்கு எழுதுபவனே சொல்லிக் காட்டினான். யாரும் வருத்தப்படவில்லை.

டிசம்பரில் தாளவாடியிலிருந்து போன் வந்தது. ராகியில் மூன்றில் ஒரு பங்கை யானை தின்றுவிட்டதாம். மீதியை அறுத்துவிட்டாராம். "அடுத்தது மக்காச்சோளம் போடறேன் தம்பி. அந்தக் கூடாரம் சும்மாதான கெடக்குது? பரண் மேல போட்டா பனி அடிக்காது பாருங்க" என்றார். மறுநாளே பார்சல் சர்வீஸில் அனுப்பி வைத்தார்கள். வாங்கி இரண்டு மாதமான கூடாரத்துக்குத் தேய்மானம் எத்தனை சதவீதம் போடுவது என்று கணக்கு எழுதுபவனைக் கேட்டதற்கு, அதை நோட்டிலிருந்தே அடித்துவிட்டதாகச் சொன்னான்.